கூத்து எத்தனை மணிக்கு என்று யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாசி பிறந்துவிட்டால் உங்கள் நாளிதழின் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பக்கங்களில், பாரதக் கூத்தின் முடிவில் துரியோதனன் வீழும் படுகளத்தின் படம் வராத வாரம் குறைவு. மண்ணில் மல்லாந்து கிடக்கும் துரியோதனன், சுற்றிலும் ஜனம், கீழே இரண்டு வரிச் செய்தி. படம் அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாம் முடிந்த மறுநாள் வருகிறது. பக்கத்து ஊர்க்காரர் டீக்கடையில் பேப்பரைப் பிரித்துவிட்டு, "அடடா, நேத்தா நடந்துச்சு?" என்கிறார்.

இதில் பத்திரிகையை மட்டும் குறை சொல்வதற்கில்லை. தெருக்கூத்து ஆடும் நாடக சபாக்களும் அதை நடத்தும் விழாக் குழுக்களும் பேஸ்புக், யூடியூப், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் இதே மாதிரிதான் கையாள்கிறார்கள். கூத்து முடிந்த பிறகு எட்டு மணி நேர வீடியோவை ஏற்றுகிறார்கள். கூத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்வதில்லை. நடுச்சாமத்துக்கு மேல் களத்தில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களும் வாத்தியக்காரர்களும் மட்டும் மிஞ்சினால் செல்போனைத் திட்டுகிறோம். அந்தச் செல்போனைக் கொண்டே களத்துக்கு ஆள் சேர்க்கும் வழி உண்டு. அதற்கு என்னென்ன செய்ய வேண்டும், எங்கே சறுக்கும் என்பதைச் சபா வாத்தியார்களும் விழாக் குழுவினரும் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

அழைப்பில் முதலில் இருக்க வேண்டியது காட்சி நேரம். விடிய விடிய உட்காருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் கர்ண மோட்சத்தில் கர்ணனும் மனைவி பொன்னுருவியும் தர்க்கம் செய்யும் இடத்துக்காகவே பத்து மைல் வண்டி ஓட்டி வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தத் தர்க்கம் பதினோரு மணிக்கா, மூன்று மணிக்கா என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. மறுநாள் ஓசூர் சிப்காட்டில் வேலைக்குப் போக வேண்டியவர், தெரியாத நேரத்துக்காக ராத்திரி முழுக்கக் கண்விழிக்க மாட்டார். வாத்தியாரைக் கேட்டால் "அது அந்த ராத்திரியைப் பொறுத்தது" என்பார். பொய்யில்லை. மொய் அறிவிப்பு, ஊர்ப் பெரியவருக்குப் பொன்னாடை, கோமாளியான கட்டியங்காரனுக்குக் கிடைக்கும் கைதட்டல் எல்லாமே நேரத்தை இழுக்கும். அதனால் ஒரு மணி நேரம் முன்பின் இருக்கும்படி போட்டால் போதும்: "பகடை 12-1, துகில் 3-4" என்பதுபோல. பிறகு களத்திலிருந்தே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு வரி: "சகுனி திரைக்கு வந்தாச்சு, துகிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம்." இந்த வேலைக்கென்று, வேஷமும் கட்டாத வாத்தியமும் வாசிக்காத ஒரு பையன் வேண்டும். பின்பாட்டுக்காரரிடம் போனைக் கொடுத்தால் ஸ்டேட்டஸும் வராது, பின்பாட்டும் வராது.

பகலில் நடப்பவற்றுக்கும் இது பொருந்தும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் நேரம், படுகளத்தில் பீமன் தொடையில் அடிக்கும் நேரம், திரௌபதி கூந்தல் முடியும் நேரம், தீமிதி நேரம் ஆகிய நான்கையும் தனித்தனி வரியாகப் போட வேண்டும். "காலை முதல் மாலை வரை" என்று பொதுவாகப் போட்டால், பத்து மணிக்கு வந்தவர் படுகளம் முடிந்த மண்ணைத்தான் பார்ப்பார்.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. கூத்து சனிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு விடியும்போது முடிகிறது. நள்ளிரவோடு தேதி மாறிவிடுவதால், "ஞாயிறு" என்று போட்ட அழைப்பைப் பார்த்தவர் ஞாயிறு இரவு வந்து காலி மைதானத்தில் நிற்பார். "சனி இரவு 10 மணி முதல் ஞாயிறு காலை 6 மணி வரை" என்று இரண்டு கிழமையும் இருக்கட்டும், கூடவே தமிழ் மாதத் தேதியும்.

இடம் காட்டுவதில் நடக்கும் கூத்து தனி. நம் இரண்டு மாவட்டங்களிலும் பட்டி, அள்ளி என்று முடியும் ஊர்கள் எத்தனை! ஊர்ப் பெயரைத் தேடி எடுத்த கூகுள் மேப் குறியை அனுப்பினால் அது ஏரிக்கரைக்கோ வேறு தாலுகாவுக்கோ கொண்டுபோய் விடும். களத்தில் நின்றுகொண்டு, அப்போதைய இருப்பிடத்தை அனுப்ப வேண்டும். அதிலும் 'லைவ் லொகேஷன்' கூடாது. அது அதிகபட்சம் எட்டு மணி நேரத்தில் அணைந்துவிடும். அதற்குள் அனுப்பியவர் சாப்பிட வீட்டுக்குப் போனால் குறியும் அவரோடு வீட்டுக்குப் போகும்; பின்னாலேயே ரசிகர்களும் போவார்கள்.

அடுத்தது பிளெக்ஸ். பத்தடிக்கு எட்டடி பேனருக்குச் செய்த டிசைனை அப்படியே வாட்ஸ்அப்பில் விடுகிறார்கள். விழாக் குழுவினர் நாற்பது பேர் முகமும் அதில் உண்டு. கதையின் பெயர் மட்டும் மூலையில் கொசு அளவுக்கு. போன் திரையில் படிக்கக்கூடியது நான்கு விஷயம்தான்: கதை, ஊர், நாள், நேரம். அதற்குத் தனியாக நெட்டுக்குத்தான ஒரு படம் செய்யச் சொன்னால் பிளெக்ஸ் கடைக்காரரே செய்து கொடுப்பார். படத்துக்குக் கீழே அதே விவரத்தை எழுத்தாகவும் தட்டச்ச வேண்டும், ஏனென்றால் படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடினால் நம்பகமாகக் கிடைக்காது. கடையில் பாமினி எழுத்துருவில் அடித்ததை நகலெடுத்து ஒட்டினால் பேஸ்புக்கில் தமிழே வராது, ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத்தான் தெரியும். போனிலேயே தமிழ் கீபோர்டில் அடிப்பது நல்லது. தேடுகிறவர்களில் பலர் 'தெருக்கூத்து' என்று தேடுவதில்லை. நாடகம், கூத்து, பாரதம் என்று தமிழிலும், அதையே ஆங்கில எழுத்திலும் தேடுகிறார்கள். யூடியூப் தலைப்பிலும் விவரத்திலும் இந்தச் சொற்கள் எல்லாம் இருக்க வேண்டும். தலைப்பு 'செம மாஸ் சண்டை' என்றிருந்தால் அடுத்த வருஷம் யாருக்கும் கிடைக்காது. 'அபிமன்யு சண்டை, ஊர், தாலுகா, ஆண்டு, சபா பெயர்' என்று இருந்தால் பத்து வருஷம் கழித்தும் கிடைக்கும்.

இனி வாட்ஸ்அப். சபாக்கள் செய்யும் பெரிய தவறு, கிடைத்த எண்ணையெல்லாம் ஒரு குரூப்பில் போட்டு அடைப்பது. இரண்டாம் நாளே குட்மார்னிங் படமும் கடன் ஆப் விளம்பரமும் வந்து, கூத்து அறிவிப்பு அதில் மூழ்கிவிடும். கேட்காமல் சேர்க்கப்பட்டவர்கள் புகார் கொடுத்தால் சபாவின் எண்ணே முடக்கப்படலாம். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் அதைவிட மேல். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை. ஒருவருக்கு வந்தது மற்றவருக்குத் தெரியாது. ஆனால் நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். 'எல்லாருக்கும் அனுப்பினோம், யாரும் வரவில்லை' என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழுந்திருக்கிறார்கள்.

எண்ணைச் சேமிக்க வைக்கும் வேளை கூத்துக் களத்திலேயே இருக்கிறது. கட்டியங்காரன் கூட்டத்தைச் சிரிக்க வைத்த கையோடு, "போனை எடுங்க, இந்த நம்பரைச் சேமிங்க, 'கூத்து'ன்னு ஒரு வார்த்தை, கூடவே உங்க ஊர் பேரு அனுப்புங்க" என்று சொன்னால் அங்கேயே நடந்துவிடும். எண் பெரிய எழுத்தில் ஒரு தட்டியில் எழுதி ஆர்மோனியப் பெட்டிக்கு முன்னால் சாய்த்து வைத்திருக்க வேண்டும். வாயால் சொன்ன பத்து இலக்கம் ஒருவர் காதிலும் நிற்காது. வந்த எண்களைத் தாலுகாவாரியாகப் பிரித்து, பாலக்கோட்டுக்கு ஒன்று, பென்னாகரத்துக்கு ஒன்று, ஊத்தங்கரைக்கு ஒன்று என்று லிஸ்ட் வைத்தால், அரூரில் நடக்கும் கூத்துக்கு அஞ்செட்டிக்காரரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்களுக்குத் தனி லிஸ்ட். வாட்ஸ்அப் சேனலும் தொடங்கலாம். அதில் பின்தொடர்கிறவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. பெண்கள் தயங்காமல் சேர்வார்கள்.

எப்போது அனுப்புவது என்பதற்கும் கணக்கு உண்டு. வெளியூரில் இருப்பவருக்கு மூன்று வாரம் முன்பே தெரிந்தால்தான் மேஸ்திரியிடமோ சூப்பர்வைசரிடமோ லீவு சொல்ல முடியும். பதினெட்டு நாள் பாரதம் என்றால் எந்த இரவு எந்தக் கதை என்ற முழுப் பட்டியலையும் அன்றே கொடுத்துவிட வேண்டும். அடுத்தது மூன்று நாள் முன்பு, ஒரு நிமிடத்துக்கு மிகாத வீடியோவோடு. கடைசியாக அன்று மாலை ஐந்து மணி வாக்கில், இருப்பிடக் குறியோடு. மூன்றுக்கு மேல் போனால் பிளாக் செய்துவிடுவார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் அதே விவரத்தைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் அரை நிமிட வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்புவது, அச்சடித்த அழைப்பை விடப் பலன் தரும்.

அந்த ஒரு நிமிட வீடியோ எதுவாக இருக்க வேண்டும்? இங்கேதான் கூத்துக்காரர்கள் கையில் தங்கத்தை வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். ரீல்ஸுக்கு முதல் மூன்று விநாடியில் ஆளை நிறுத்த வேண்டும் என்று சமூக வலைத்தளம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். திரைப் பிரவேசம் என்பது அதற்கென்றே நம் முன்னோர் செய்து வைத்த ஏற்பாடு. இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். முகம் தெரியவில்லை. திரைக்குக் கீழே சலங்கை கட்டிய இரண்டு கால் மட்டும் அடவு போடுகிறது. மேலே கிரீடத்தின் நுனி அசைகிறது. முகவீணை ஏறுகிறது. போனைத் தரைக்கு ஒன்றரை அடி உயரத்தில் பிடித்து அந்தக் காலிலிருந்து தொடங்குங்கள். பத்தாவது விநாடியில் மெல்ல மேலே ஏறி, திரை விலகி முகம் தெரியும் கணத்தில் நிறுத்துங்கள். அதன்பின் முப்பது விநாடி ஆட்டம், கடைசி ஐந்து விநாடி ஊர், நாள், நேரம் எழுத்தில். போதும். "அனைவரையும் அன்புடன் வரவேற்கிறோம்" என்று தலைவர் பேசுவதை முன்னால் ஒட்டினீர்களானால் திரை விலகும்வரை ஒருவரும் இருக்க மாட்டார்.

எடுக்கும்போது கெடுவது பெரும்பாலும் வெளிச்சத்தால். அரிதாரம் பூசிய முகத்தில் போகஸ் லைட் விழும்போது பின்னால் இருட்டு. போன் இருட்டைக் கணக்கிட்டு வெளிச்சத்தைக் கூட்ட, முகம் வெள்ளைப் பூசணி ஆகிவிடுகிறது. திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் போகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுக்க வேண்டும். எல்இடி விளக்கில் கோடு கோடாக ஓடினால் கேமரா அமைப்பில் 'ஆன்டி பிளிக்கர்' என்பதை 50 ஹெர்ட்ஸில் வைக்க வேண்டும். நம் மின்சாரம் அந்த அதிர்வெண். லென்ஸில் கைரேகை இருந்தால் ஒவ்வொரு விளக்குக்கும் வால் முளைக்கும்; வேட்டி நுனியால் ஒரு துடைப்பு. விரலால் ஜூம் செய்யாமல் பத்துப் பன்னிரண்டு அடிக்குள் போய் உட்கார்ந்து எடுப்பது நல்லது. ரீல்ஸ், ஸ்டேட்டஸுக்குப் போன் நெட்டுக்குத்து. யூடியூப் முழு நீளப் பதிவுக்குப் படுக்கை வாட்டம். ஒன்றை எடுத்து மற்றதற்கு வெட்டினால் கிரீடமோ புஜக்கட்டையோ போய்விடும். எடுத்ததை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் தேயும். எடிட் செய்கிறவருக்கு 'டாகுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

முகம் எழுதும் இரண்டு மணி நேரத்தை டைம்லாப்ஸில் அரை நிமிடமாக்கிப் போடுவதும் நன்றாக எடுபடும். போன் இம்மியும் அசையக்கூடாது, அவ்வளவுதான்.

ஒலிக்கு வருவோம். குழாய் ஸ்பீக்கருக்கு எதிரே நின்று எடுத்தால் போன் மைக் திணறி, வசனம் முழுக்கக் கரகரவென்று விழும். விலகி, மிருதங்கத்துக்குப் பின்பக்கமாகக் களத்தின் ஓரத்தில் நின்றாலே பாதி சரியாகும். முழு நீளப் பதிவுக்கு மைக் செட்டுக்காரரின் மிக்சரில் 'ரெக்கார்ட் அவுட்' இருக்கிறதா என்று கேட்டு, அதிலிருந்து ஒயர் எடுக்கலாம். ஆனால் போனின் ஹெட்போன் துளைக்கு மூன்று கறுப்பு வளையம் உள்ள பின் வேண்டும். இரண்டு வளையப் பின்னைச் செருகினால் போன் அதை மைக்காக எடுத்துக்கொள்ளாமல் தன் மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும், விடிந்த பிறகுதான் தெரியும். மிக்சரிலிருந்து வரும் ஒலியின் அளவு போனுக்கு மிக அதிகம் என்பதால், அதைக் குறைத்து வைத்து ஐந்து நிமிடம் பதிந்து கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். 1080பி தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 100 முதல் 130 எம்பி வரை ஆகும். எட்டு மணி நேரத்துக்கு 50, 60 ஜிபி. நிறைந்த போனோடு உட்கார்ந்தால் பதினெட்டாம் போர் வரும்போது பதிவு நின்றிருக்கும்.

நேரலை விஷயத்தில் எங்கள் கருத்து பலருக்குப் பிடிக்காது. விடிய விடிய நேரலை வேண்டாம். வீட்டிலேயே பார்க்கலாம் என்று உள்ளூர்க்காரருக்கு நாமே சொல்லிக் கொடுப்பது அது. திரை விலகி முதல் வேஷம் வரும் முக்கால் மணி நேரம் காட்டுங்கள். பிறகு "மீதியைக் களத்தில் வந்து பாருங்கள்" என்று நிறுத்துங்கள். படுகளமும் தீமிதியும் காட்டலாம், துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்கள் அதற்குத்தான் காத்திருப்பார்கள். முழுக் கூத்தை இரண்டு வாரம் கழித்து, காட்சிவாரியாக நேரம் குறித்து ஏற்றலாம். யூடியூப் விவரத்தில் 00:00 என்று தொடங்கிக் குறைந்தது மூன்று நேரக் குறிப்பு இருந்தால் வீடியோ தானே பகுதி பகுதியாகப் பிரியும். சேனலைப் போன் எண்ணால் சரிபார்க்காவிட்டால் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது. போனிலிருந்து நேரலை செய்யக் குறைந்தது 50 சந்தாதாரர் வேண்டும். முதல்முறை அனுமதி வர 24 மணி நேரம் வரை ஆகலாம். கொடியேற்றத்தன்று மாலை சேனல் தொடங்கி அன்றிரவே லைவ் போக முடியாது. பேஸ்புக்கில் நேரலை போனவர்கள் கவனிக்க: 2025 பிப்ரவரி முதல் அங்கே நேரலைப் பதிவுகள் 30 நாளில் அழிந்துவிடுகின்றன. அதற்குள் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

720பி நேரலைக்கு நொடிக்குச் சுமார் 2.5 மெகாபிட் வேகத்தில் மேலேற்றம் வேண்டும். அது மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல் தின்னும். தினசரி ஒன்றரை ஜிபி பேக் ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. பகலில் நன்றாக வந்த சிக்னல் இரவு ஆயிரம் போன் கூடியதும் படுத்துவிடும், பென்னாகரம், அஞ்செட்டி மலையோரங்களில் சொல்லவே வேண்டாம். வேறு வேறு கம்பெனியின் இரண்டு சிம்மை முந்தின இரவு சோதித்துப் பார்த்து, ஒன்றில் ஹாட்ஸ்பாட் போட்டு, படமெடுக்கும் போனை ஏரோப்ளேன் மோடில் வைத்து வைஃபையில் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் மாமனார் போன் செய்ததும் பீமன் நின்றுவிடுவான். சார்ஜ் ஏறிக்கொண்டே லைவ் போனால் போன் சூடாகும். கவரைக் கழற்றிவிட வேண்டும்.

கூத்து தொடங்குமுன் மைக் செட்டில் ஓடும் சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டும் பதிவில் விழுந்தால் யூடியூப் உரிமைக் கோரிக்கை அனுப்பும். நடுவில் கோமாளி சினிமா மெட்டில் பாடினாலும் வரலாம். கோரிக்கை வந்தால் அந்த வீடியோவின் வருமானம் பாட்டு உரிமையாளருக்குப் போகும், பெரும்பாலும் அவ்வளவுதான். 'ஸ்ட்ரைக்' என்னும் உரிமை மீறல் எச்சரிக்கை வேறு, அது 90 நாளில் மூன்று வந்தால் சேனலே போகும். பாட்டு நின்று விநாயகர் துதி தொடங்கிய பிறகு பதிவைத் தொடங்குவதே எளிது.

எதைப் போடக்கூடாது என்பதில் விழாக் குழுக்கள் உறுதியாக இருக்க வேண்டும். தபசு மரத்தடியில் பிள்ளை வரம் கேட்டு ஈரப் புடவையோடு உட்கார்ந்திருக்கும் பெண்களின் முகத்தை ரீல்ஸ் போடுவது அநியாயம். அருள் வந்து ஆடுகிறவர்களையும் அப்படித்தான். மரத்தின் மேல் இருக்கும் அர்ச்சுனனைக் கீழிருந்து எடுத்தாலே அற்புதமான படம் கிடைக்கும். கீழே கேமராவைத் திருப்பத் தேவையில்லை. பெண் வேஷம் கட்டும் கலைஞர்களைக் கேலி செய்தும், சாதிப் பெயர் இழுத்தும் கமென்ட் வரும். தடை செய்ய வேண்டிய சொற்களின் பட்டியலை யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். திருவிழா வாரத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் கமென்டையே மூடிவிடுவது உத்தமம்.

காசு கட்டிப் பதிவைப் பலருக்குக் காட்டும் 'பூஸ்ட்' பற்றி நிறைய கேட்கிறார்கள். நாளுக்கு 200 ரூபாய், மூன்று நாள், களத்தைச் சுற்றி 25 கிலோமீட்டர். பிளெக்ஸ் படத்துக்கு அல்ல, அந்தத் திரைப் பிரவேச வீடியோவுக்கு. வாணவேடிக்கைக்கு ஆகும் செலவை நினைத்தால் இது ஒரு பட்டாசுப் பொட்டலம்.

கடைசியாக, கணக்கு யாருடையது என்பது. இன்று கூத்து வீடியோக்களில் பெரும்பகுதி வீடியோகிராபர்களின் சேனலில் கிடக்கிறது. சபாவின் பெயர் இல்லை, எண் இல்லை. பார்த்து ரசித்தவர் அச்சாரம் கொடுக்க நினைத்தாலும் யாரைக் கூப்பிடுவது? பதிவு செய்ய அனுமதிக்கும்போதே, முதல் வரியில் சபாவின் பெயரும் எண்ணும் வர வேண்டும், மூலப் பதிவின் நகல் சபாவுக்கு வேண்டும் என்று பேசிக்கொள்ள வேண்டும். சபாவுக்கே சேனல் இருந்தாலும், அதைத் தொடங்கிக் கொடுத்த கல்லூரிப் பையன் வேலை கிடைத்துப் பெங்களூர் போனதும் பாஸ்வேர்டும் பஸ் ஏறிவிடுகிறது. சபா பெயரில் தனி ஜிமெயில், அதைத் திறக்க வாத்தியாரின் எண், பேஸ்புக் பக்கத்துக்கு முழு அதிகாரத்தோடு இரண்டு பேர், வாட்ஸ்அப்புக்கு 'டூ ஸ்டெப்' ரகசிய எண். இவற்றை எழுதிய தாளை வேஷப் பெட்டியில், கிரீடத்தோடு வைத்துப் பூட்டுங்கள். அந்தப் பெட்டி தொலையாது.

உங்களிடம் ஒரு கோரிக்கை. மாசி முதல் ஆடி வரையிலாவது மாவட்டப் பக்கத்தின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் "இன்றிரவு கூத்து" என்று நான்கு வரி ஒதுக்குங்கள்: ஊர், கதை, சபா, முக்கியக் காட்சி நேரம். விவரம் முந்தின நாள் மதியத்துக்குள் உங்கள் நிருபருக்கு வாட்ஸ்அப்பில் வர வேண்டும் என்று ஒரு எண்ணும் போடுங்கள். அச்சில் வந்த அந்த நான்கு வரியைக் காலை ஏழு மணிக்குள் போட்டோ பிடித்து ஊர் ஊராக அனுப்பும் வேலையைச் சபாக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
கூத்து ரசிகர்கள் சிலர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.